பக்கவாதத்துக்குப் பிறகு அன்றாடக் கைப் பயன்பாட்டை மதிப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

"கையைத் தூக்குங்க" என்றால் தூக்குகிறார். "விரலை மடக்குங்க" என்றால் மடக்குகிறார். மரக்கட்டையை எடுத்துப் பெட்டிக்குள் போடச் சொன்னால் அதையும் செய்துவிடுகிறார். ஆனால் சிகிச்சை முடிந்து கிளம்பும்போது பையை எடுப்பது நல்ல கை. கதவைத் திறப்பது நல்ல கை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வதும் அதே நல்ல கைதான். பாதித்த கை பக்கத்தில் சும்மா தொங்குகிறது.

முடிகிற கை வேறு, பயன்படுகிற கை வேறு. இரண்டாவதை எப்படி அளப்பது என்பது மட்டுமே இங்கே பேச்சு. புதிதாக வேலைக்கு வரும் பிசியோதெரபிஸ்ட்டுகளையும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கும் பெரும்பகுதி பயன்படும். அடிப்படையாக எடுத்துக்கொண்டிருப்பது மோட்டார் ஆக்டிவிட்டி லாக் என்ற நேர்காணல் முறை. 30 அன்றாட வேலைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் போடுவது அதன் அமைப்பு. 14 கேள்விகள், 28 கேள்விகள் கொண்ட வடிவங்களும் புழக்கத்தில் உண்டு.

1. திறனை முதலில் அளந்துவிடுங்கள்

பயன்பாட்டைக் கேட்பதற்கு முன் கையின் திறன் தெரிந்திருக்க வேண்டும். ஃபூகல்-மேயர் பரிசோதனையில் கைப்பகுதிக்கு மொத்தம் 66 மதிப்பெண். ஆக்‌ஷன் ரிசர்ச் ஆர்ம் டெஸ்ட்டில் 19 செயல்கள், 57 மதிப்பெண். இவற்றில் எது உங்கள் இடத்தில் பழக்கமோ அதைச் செய்து எழுதிவையுங்கள்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பயன்பாடு குறைவு என்று மட்டும் தெரிந்தால் அது முடியாததாலா, முடிந்தும் செய்யாததாலா என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. திறன் மதிப்பெண்ணும் தெரிந்திருந்தால்தான் பிற்பாடு வரும் எண்ணுக்கு அர்த்தம் கிடைக்கும்.

கையில் அசைவே இல்லாதவரிடம் 30 கேள்விகளையும் வரிசையாகக் கேட்காதீர்கள். "இல்லை, இல்லை, இல்லை" என்று முப்பது முறை சொல்லவைப்பது கொடுமை. அதனால் நமக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. தாளை அழுத்திப் பிடிக்க, மேசையில் ஊன்றிக்கொள்ள, அக்குளில் எதையாவது இடுக்கிக்கொள்ள அந்தக் கை உதவுகிறதா என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு நிறுத்துங்கள்.

2. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

- எந்தப் பக்கம் பாதித்தது, அது அவருடைய பழக்கக் கையா இல்லையா. இது தெரியாமல் பாதிக் கேள்விகளுக்கு மதிப்பெண் போட முடியாது.
- பக்கவாதம் வந்த தேதி.
- அதற்கு முன்பே அந்தக் கையில் தோள்பட்டை இறுக்கம், மூட்டுவலி, பழைய எலும்பு முறிவு ஏதாவது இருந்ததா. ஒப்பீடு முழுக்கப் "பக்கவாதத்துக்கு முன்பு" என்ற நிலையோடுதான். முன்பே பாதிக் கைதான் ஓடிக்கொண்டிருந்தது என்றால் அதுவே அவருக்கு முழு அளவு.
- மதிப்பெண் அட்டை, பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில்.
- அவருடைய கண்ணாடி, காதுகேள் கருவி.

பேச்சும் நினைவும் எப்படி இருக்கின்றன என்பதையும் சோதித்துக்கொள்ளுங்கள். பேச்சு பாதித்தவரால் வாயால் சொல்ல முடியாவிட்டாலும் அட்டையில் எண்ணைத் தொட்டுக் காட்ட முடியலாம். சொல்வதைப் புரிந்துகொள்வதே சிரமம் என்றால் இந்த நேர்காணல் அவருக்கு ஏற்றதல்ல. படி 7-க்கும் 8-க்கும் போய்விடுங்கள்.

ஒரு பக்கத்தையே கவனிக்காத நிலை இருக்கிறதா என்று பார்ப்பதும் இதில் சேரும். அப்படிப்பட்டவர் தன் இடது கையைப் பயன்படுத்துவதாக மனதார நம்புவார். பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தெரிகிறது.

அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். சிகிச்சை முடிந்து களைத்துப்போன நேரத்தில் கேட்டால் பதில்கள் எல்லாம் நடுவில் வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மூன்று என்று சொல்ல ஆரம்பித்தால் ஆள் சோர்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

3. அளவுகோல் புரிந்த பிறகே முதல் கேள்வி

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு மதிப்பெண். முதலாவது, எவ்வளவு பயன்படுத்தினார்:

0 – பாதித்த கையைப் பயன்படுத்தவே இல்லை
1 – எப்போதாவது ஒருமுறை முயன்றார்
2 – சில நேரம் பயன்படுத்தினார், ஆனால் பெரும்பாலும் நல்ல கைதான் செய்தது
3 – முன்பு பயன்படுத்தியதில் ஏறக்குறையப் பாதி
4 – முன்பு போல ஏறக்குறைய முக்கால்வாசி
5 – முன்பு எப்படியோ அப்படியே

இரண்டாவது, எவ்வளவு நன்றாகச் செய்தது:

0 – பயன்படுத்தவில்லை
1 – கை அசைந்தது, வேலைக்கு உதவவில்லை
2 – ஓரளவு உதவியது. நல்ல கையின் துணை வேண்டியிருந்தது, அல்லது மிக மெதுவாக, சிரமப்பட்டு நடந்தது
3 – வேலை நடந்தது. ஆனால் மெதுவாக, அல்லது கொஞ்சம் முயற்சியோடு
4 – ஏறக்குறைய இயல்பு. வேகமோ துல்லியமோ சற்றுக் குறைவு
5 – இயல்பு

1.5, 2.5 போன்ற அரை மதிப்பெண்களையும் போடலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் தயங்கித் தயங்கி, கடைசியில் உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வார்.

அட்டையை அவர் கையில் கொடுத்து, பட்டியலில் இல்லாத ஒரு வேலையை வைத்து ஒத்திகை பாருங்கள். புத்தகத்தின் பக்கம் புரட்டுவது ஒத்திகைக்கு வசதி. "எவ்வளவு", "எவ்வளவு நன்றாக" என்ற இரண்டையும் அவரே பிரித்துச் சொல்லும்வரை பட்டியலுக்குள் போக வேண்டாம். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்க ஒத்திகையை விட்டுவிடுவார்கள். பத்தாவது கேள்வியில் இரண்டு மதிப்பெண்ணும் எப்போதும் ஒரே எண்ணாக வருவதைப் பார்த்து விழிப்பார்கள்.

4. ஏழு நாளுக்குள் கட்டுங்கள்

கேள்வி எப்போதும் "கடந்த ஒரு வாரத்தில்" என்றே தொடங்க வேண்டும். "வழக்கமாக" என்று கேட்டால் ஆசையும் நம்பிக்கையும் சேர்ந்து பதில் சொல்லும். "இப்போது" என்று கேட்டால் இன்று காலை நடந்தது மட்டும் வரும்.

வாரத்துக்கு ஒரு அடையாளம் வையுங்கள். போன தடவை இங்கே வந்த நாள், மகள் வந்துபோன நாள், மருந்து மாற்றிய நாள் என ஏதாவது ஒன்று. அதிலிருந்து இன்றுவரை என்று சொன்னால் நினைவு கூர்வது சுலபம். அந்த வாரத்தில் காய்ச்சலோ, விழுந்து அடிபட்டதோ இருந்தால் ஓரத்தில் குறித்துவிட்டு, முடிந்தால் மதிப்பீட்டைத் தள்ளிப்போடுங்கள்.

5. கேள்வியும் குறுக்குக் கேள்வியும்

பட்டியலில் இருப்பவை எல்லாம் எளிய வேலைகள்: விளக்கு சுவிட்ச் போடுவது, இழுப்பறையைத் திறப்பது, தொலைபேசியை எடுப்பது, குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பது, குழாயைத் திருகுவது, கை கழுவுவது, துடைப்பது, காலுறை மாட்டுவது, நாற்காலியை இழுப்பது, பல் தேய்ப்பது, பூட்டில் சாவி போடுவது, கரண்டி பிடிப்பது, தலை வாருவது, பொத்தான் போடுவது. எளிமையாக இருப்பதுதான் ஆபத்து. இதில் கேட்க என்ன இருக்கிறது என்று விறுவிறுவென்று ஓட்டிவிடத் தோன்றும்.

ஒவ்வொரு வேலைக்கும் நான் வைத்துக்கொள்ளும் வரிசை: போன வாரம் அந்த வேலை நடந்ததா, நடந்தபோது பாதித்த கை அதில் இருந்ததா, என்ன செய்தது, அதன் பிறகே எவ்வளவு, எவ்வளவு நன்றாக. எண்ணை முதலில் கேட்டுவிட்டால், பிறகு சொல்லும் விவரமெல்லாம் அந்த எண்ணுக்கு வக்காலத்து வாங்குவதாகவே இருக்கும்.

ஒரு உரையாடல் எப்படிப் போகும் என்று பாருங்கள். இடது பக்கம் பாதித்த ஒருவர்.

"போன ஒரு வாரத்துல, கை கழுவிட்டுத் துண்டுல துடைக்கும்போது இடது கையைப் பயன்படுத்தினீங்களா ஐயா?"

"ஓ, அதெல்லாம் பண்றேனே!"

"எப்படின்னு செஞ்சு காட்டுங்களேன்." துண்டை நீட்டுகிறோம். வலது கை வாங்குகிறது. மடியில் கிடக்கும் இடது கையின் மேல் துண்டைப் போட்டு, விரலிடுக்கு வரை நிதானமாகத் துடைத்துவிடுகிறது. பிறகு வலது கையைத் தொடையில் தேய்த்துக்கொள்கிறார்.

"வலது கையை யார் துடைச்சாங்க?"

சற்று யோசிக்கிறார். "அது... இப்படித் துணியில தேய்ச்சுக்குவேன்."

இடது கை துடைக்கப்பட்டது, துடைக்கவில்லை. மதிப்பெண் பூஜ்ஜியம். முதல் பதிலை அப்படியே எழுதியிருந்தால் நான்கோ ஐந்தோ விழுந்திருக்கும்.

செய்து காட்டச் சொல்வது திறனைச் சோதிப்பதற்காக அல்ல என்பதைக் கவனியுங்கள். போன வாரம் எந்த விதமாகச் செய்தார் என்று நாமும் அவரும் ஒரே காட்சியைப் பார்ப்பதற்காகத்தான். உங்கள் முன்னால் நன்றாகச் செய்து காட்டினார் என்பதற்காக மதிப்பெண்ணை ஏற்றக்கூடாது. "இப்ப இடது கையால செஞ்சீங்க, வீட்லயும் இப்படித்தானா?" என்று திருப்பிக் கேளுங்கள்.

எண்ணைச் சொன்னதும் அதை வார்த்தையாக்கி ஒருமுறை உறுதிசெய்யுங்கள். "மூணுன்னா, முன்ன செஞ்சதுல பாதி. பத்துத் தடவை சுவிட்ச் போட்டா அஞ்சு தடவை இடது கை. சரிதானே?" பல பேர் இந்த இடத்தில் எண்ணைக் குறைத்துக்கொள்வார்கள். சிலர் ஏற்றுவதும் உண்டு. எதுவானாலும் முகத்தில் ஒன்றும் காட்டாதீர்கள். "சபாஷ்" என்ற ஒரு சொல் போதும், அடுத்த பத்துப் பதிலும் உங்களைச் சந்தோஷப்படுத்தவே வரும்.

"உங்களால் முடியுமா" என்ற சொல் மட்டும் வாயில் வரவே கூடாது. அது வந்தவுடன் பேச்சு திறனுக்குத் தாவிவிடும்.

6. பூஜ்ஜியம் என்றால் காரணத்தையும் எழுதுங்கள்

எல்லாப் பூஜ்ஜியமும் ஒன்றல்ல. சில பூஜ்ஜியங்கள் பூஜ்ஜியமே அல்ல.

அந்த வேலையை முழுக்க நல்ல கையே செய்தது என்றால் 0. வேறொருவர் செய்துவிட்டார் என்றாலும் 0. இரண்டும் கணக்கில் அப்படியே நிற்கும். ஆனால் பக்கத்தில் காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். முதலாவதில் பேச வேண்டியது நோயாளியிடம். இரண்டாவதில் அவருடைய குடும்பத்தாரிடம்.

அந்த வேலையே அவர் வாழ்க்கையில் இல்லை என்றால் "பொருந்தாது" என்று எழுதிக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். தலையில் முடியே இல்லாதவரிடம் தலை வாருவதைக் கேட்டு 0 போடுவது அபத்தம். எழுதுவதும் இப்படித்தான்: பாதித்தது பழக்கக் கை அல்ல என்றால் அது முன்பும் எழுதவில்லை, இப்போதும் எழுதப்போவதில்லை.

வேலை அவருக்கு உண்டு, அந்த வாரம் மட்டும் வாய்ப்பு வரவில்லை என்றால், முந்தைய மதிப்பீட்டில் இருந்த எண்ணை அப்படியே கொண்டுவரலாம். உதாரணமாக, அந்த வாரம் காரில் போகவே இல்லை; இறங்கும்போது கை எப்படி இருந்தது என்று எப்படிச் சொல்வார்? முதல் மதிப்பீடு என்றால் கொண்டுவர எண் இருக்காது. அதை வெறுமையாக விட்டு, காரணம் எழுதி, சராசரியில் சேர்க்காமல் விடுங்கள்.

"பயமாக இருக்கிறது", "நேரமாகிறது", "கொட்டிவிட்டால் திட்டுவார்கள்", "அந்தக் கை ஞாபகமே வருவதில்லை" போன்ற பதில்களை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். சிகிச்சைத் திட்டம் போடும்போது எண்ணை விட இந்த வரிகளே எனக்கு அதிகம் உதவுகின்றன. கண்ணாடிக் குவளையைப் பாதித்த கையால் எடுக்க அஞ்சுபவர், விழுந்தாலும் உடையாத குவளையை அதே கையால் எடுக்கக்கூடும். அங்கே மாற வேண்டியது குவளை.

7. குடும்பத்தாரிடம் தனியாகக் கேளுங்கள்

அதே கேள்விகளை, அதே அளவுகோலில், கூட இருந்து பார்த்துக்கொள்பவரிடம் கேட்கலாம். ஆனால் நோயாளி பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். "எங்க செய்யறார்? எல்லாம் நான்தான்" என்று மனைவி சொன்ன மறுகணம் அவர் வாயை மூடிக்கொள்வார். அதன் பிறகு உண்மை யாரிடமிருந்தும் வராது.

பார்த்துக்கொள்பவரும் முழு நாளும் பார்ப்பதில்லை. குளியலறை, கழிப்பறை, உடை மாற்றும் அறை ஆகியவற்றில் நடப்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். "நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்கம்மா, தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லலாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு பட்டியலும் வேறுபட்டால் சராசரி எடுத்துச் சமரசம் செய்யாதீர்கள். தனித்தனியாகவே எழுதுங்கள். எந்த வேலைகளில் வேறுபடுகிறது என்பதே ஒரு தகவல்.

8. கேட்காத நேரத்தில் பாருங்கள்

நேர்காணலுக்கு முன்னும் பின்னும் உங்கள் கண்ணெதிரே எத்தனையோ நடக்கிறது. நாற்காலியை இழுக்கிறார், தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகுகிறார், தொலைபேசி அடித்தால் எடுக்கிறார், கிளம்பும்போது செருப்பு மாட்டுகிறார். எந்தக் கை முதலில் நீண்டது, மற்றது துணைக்கு வந்ததா என்று இரண்டே நெடுவரிசையில் குறித்துக்கொள்ளுங்கள். இப்படிப் பொதுவாகக் கவனிப்போம் என்று ஒப்புதல் வாங்கும்போதே சொல்லிவிடுவது முறை.

மூடியைத் திருகுவது போன்ற இரண்டு கை வேலைகள் நிறையச் சொல்லும். பாதித்த கை புட்டியைப் பிடிக்கிறதா, அல்லது தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நல்ல கை மட்டும் திருகுகிறதா? இரண்டாவதைச் செய்பவர் அதில் கைதேர்ந்து, மிக வேகமாக முடித்துவிடுவார். வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

9. மணிக்கட்டு முடுக்கமானி இருந்தால்

கை அசைவை அளக்கும், கைக்கடிகாரம் போன்ற இந்தக் கருவியை இரண்டு மணிக்கட்டிலும் கட்ட வேண்டும். பாதித்த கையில் மட்டும் கட்டினால் அவர் நடந்ததையும் உட்கார்ந்ததையும் சேர்த்து அளந்துகொண்டிருப்பீர்கள். இரண்டையும் ஒப்பிட்டு, பாதித்த கை அசைந்த நேரத்தை நல்ல கை அசைந்த நேரத்தால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். பக்கவாதம் இல்லாதவர்களுக்கு, பழக்கமில்லாத கையை மேலே வைத்து வகுத்தாலும் இந்த விகிதம் ஏறக்குறைய 0.95. ஒரு கையை மட்டும் அதிகம் நம்பி வாழ்வதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இரண்டும் நாள் முழுக்க ஏறக்குறையச் சமமாகவே ஓடுகின்றன.

இரண்டும் ஒரே வகைக் கருவியாக இருக்கட்டும். எது எந்தக் கை என்று மேலேயே எழுதி ஒட்டுங்கள். குறைந்தது ஒரு முழு நாள் வேண்டும். கழற்றிய நேரங்களை எழுதிவைக்கச் சொல்லுங்கள். கருவிக்குக் கை அசைந்தது தெரியும். எதற்கு அசைந்தது என்பது தெரியாது. எனவே இது நேர்காணலுக்குத் துணையே தவிர மாற்று இல்லை.

10. கணக்குப் போடுவது

மதிப்பெண்களைக் கூட்டி, பொருந்திய கேள்விகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 30 கேள்விகளில் 4 பொருந்தாது என்று வைத்துக்கொள்வோம். மீதி 26-ல் மொத்தம் 39 என்றால், 39 ÷ 26 = 1.5. பழக்கதோஷத்தில் 30-ஆல் வகுத்தால் 1.3 வரும், ஆளை இல்லாத அளவுக்குக் குறைத்துக் காட்டிவிடும். பூஜ்ஜியங்களையும் 26-க்குள் எண்ண மறக்காதீர்கள். இரண்டு அளவுகோலுக்கும் தனித்தனிச் சராசரி. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்குவதில் பொருளில்லை.

பிறகு திறன் மதிப்பெண்ணைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். திறன் நன்றாக இருக்கிறது, பயன்பாடு 1-ஐச் சுற்றி நிற்கிறது என்றால் கை மறக்கப்பட்டிருக்கிறது. ஆரம்ப வாரங்களில் முயன்று முயன்று தோற்று, நல்ல கையால் சமாளிக்கக் கற்றுக்கொண்டவர், பிறகு அசைவு திரும்பி வந்த பின்னும் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை. நல்ல கையைக் கட்டுப்படுத்திப் பாதித்த கைக்குத் தீவிரப் பயிற்சி கொடுக்கும் சிகிச்சைக்கு இவர் ஏற்றவரா என்று பார்க்கலாம். திறனும் குறைவு, பயன்பாடும் குறைவு என்றால் "கையைப் பயன்படுத்துங்கள்" என்று நச்சரிப்பதில் பயனில்லை. முதலில் அசைவும் பிடிமானமும் வர வேண்டும்.

11. மறுபடி அளக்கும்போது

அதே நபர், அதே படிவம், அதே வரிசை. பழைய எண்களை முன்கூட்டிக் காட்டாதீர்கள். புதிய பதில் வந்த பிறகு, ஏதாவது ஒரு வேலையின் எண் இரண்டு மூன்று படி தாவியிருந்தால் மட்டும் பழையதைச் சொல்லி, "என்ன மாறிச்சு?" என்று கேளுங்கள். உண்மையான மாற்றம் என்றால் அவரிடம் ஒரு கதை இருக்கும்: எந்த நாள், எந்த வேலை, எப்படி என்று சொல்வார். கதை இல்லாத தாவலை நம்பி மேலதிகாரிக்கு அறிக்கை எழுத வேண்டாம்.

போன தடவை பொருந்தாது என்று நீக்கியவை இந்தத் தடவை பட்டியலில் வந்திருந்தால், இரண்டு முறையும் பொதுவாக இருந்த கேள்விகளை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். சராசரி 0.2, 0.3 அளவுக்கு நகர்ந்ததை வைத்துக் கொண்டாடவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். அரைப் புள்ளியைத் தாண்டும்போது கவனிக்கத் தொடங்கலாம். பக்கவாதம் வந்த முதல் மாதங்களில், செய்யும் தரத்தில் ஒரு முழுப் புள்ளி அளவு ஏறினால்தான் நோயாளிக்கே வித்தியாசம் தெரிவதாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

மெல்லக் குறைந்திருந்தால் தோள்வலியையும் தசை இறுக்கத்தையும் மனச்சோர்வையும் விசாரியுங்கள். நேற்றுவரை எடுத்ததை இன்று திடீரென்று எடுக்க முடியவில்லை, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் படிவத்தை அப்படியே வைத்துவிட்டு உடனே அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

12. பட்டியலிலிருந்து பயிற்சிக்கு

செய்யும் தரம் 2-க்கு மேல் இருந்தும் பயன்பாடு 1-ஐ ஒட்டியே இருக்கும் வேலைகளை வட்டமிடுங்கள். அவற்றில் மூன்றை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். தினமும் பல முறை வருகிற, தவறினாலும் ஆபத்தில்லாத வேலைகளாக இருப்பது நல்லது: விளக்கு சுவிட்ச், இழுப்பறை, குழாய். கொதிக்கும் பாத்திரமும் கத்தியும் இந்தப் பட்டியலில் வேண்டாம். அந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அந்தந்த இடத்திலேயே ஒட்டச் சொல்லி, அடுத்த வாரம் அதே மூன்றிலிருந்து கேள்வியைத் தொடங்குங்கள்.